கசக்கும் வெல்லம்

புற்றுநோய்ச் சிகிச்சையின்போது வாய் வறண்டு நாக்கு ருசி இழப்பதால் உயிர் உடனே போய்விடுவதில்லை. அதனாலேயே மருத்துவர் கேட்கும் கேள்விகளில் அது கடைசியில் வருகிறது. பல நேரம் வராமலே போகிறது. மெய்யியல் அந்த நாக்கை அப்படிக் கைவிட்டதில்லை. ஆரோக்கியமாக இருப்பவருக்கு இனிக்கும் பண்டம் நோயாளிக்குக் கசக்கும்போது இருவரில் யார் சொல்வது உண்மை என்ற கேள்வியைக் கிரேக்கரும் இந்தியரும் தனித்தனியாக எழுப்பி நெடுங்காலம் வாதாடியிருக்கிறார்கள். அதற்கு என்ன விடை சொல்கிறோம் என்பதைப் பொறுத்தே படுக்கையருகில் நடக்கும் பணிவிடையும் மாறுகிறது.

முதலில் உடலில் நடப்பதைப் பார்க்க வேண்டும். உமிழ்நீர் நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. காதுக்கு முன்னால், தாடைக்கு அடியில், நாக்குக்கு அடியில் என்று மூன்று இணைப் பெரிய சுரப்பிகளும், உதடு, கன்னம், அண்ணம் எங்கும் பரவிய நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகளும் அதைச் சுரக்கின்றன. வாய், தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை, அதாவது நோயாளிகள் ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்லும் சிகிச்சை, பொதுவாக வாரத்துக்கு 5 நாள் வீதம் 6 அல்லது 7 வாரம் நடக்கும். மொத்த அளவு 60 முதல் 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). கதிர் செல்லும் பாதையில் இந்தச் சுரப்பிகளும் அகப்பட்டுக்கொள்கின்றன. முதல் வாரத்திலேயே சுரப்பு குறையத் தொடங்குகிறது. மிஞ்சும் சிறிதளவு எச்சிலும் கெட்டியாகி நூல் நூலாக இழுக்கிறது. இந்திய ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்று வாய்ப்புற்றே; புகையிலையும் பாக்கும் அதன் முதன்மைக் காரணங்கள். ஆகவே இந்த வறட்சியோடு வாழ்பவர்கள் இந்நாட்டில் ஏராளம்.

கீமோ மருந்தின் வழி வேறு. சுவைமொட்டின் செல்கள் ஏறக்குறைய பத்து நாளில் பழையன கழிந்து புதியன வருபவை. வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குவதே பல கீமோ மருந்துகளின் வேலை என்பதால் இவையும் அடிபடுகின்றன. ‘உப்பு உறைப்பு ஒண்ணும் தெரியலை’, ‘மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கு’, ‘வாயில காசை வச்ச மாதிரி இருக்கு’ என்று நோயாளிகள் சொல்வது இதைத்தான். வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின், நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகள் வறட்சியைக் கூட்டுகின்றன. இதில் வீட்டாரைக் குழப்பும் ஒன்றும் உண்டு: உப்பு தெரியாத நாக்கில் மிளகாய் மட்டும் நெருப்பாக எரியும். அறுசுவைக் கணக்கில் கார்ப்பு ஒரு சுவை. உடலியல் கணக்கில் அது வலி உணர்வு. சுவை நரம்பு வழியாகப் போகாமல் முகத்தின் தொடுவுணர்வு நரம்பு வழியாகப் போகிறது. சுவைமொட்டு செத்தாலும் எரிச்சல் சாவதில்லை. புண்ணான வாயில் அது பன்மடங்காகிறது.

சுவைக்கு ஈரம் வேண்டும் என்பது பழைய நூல்களுக்கும் தெரிந்த செய்தி. ஆன்மாவைப் பற்றிய நூலில் அரிஸ்டாட்டில், நாக்கு மிகவும் உலர்ந்தாலும் மிகவும் நனைந்தாலும் சுவை அறியாது என்கிறார். நோயாளிக்கு எல்லாம் கசப்பதற்கும் அவர் காரணம் சொல்கிறார்: நோயாளியின் நாக்கு ஏற்கெனவே கசப்பு நீரால் நிரம்பியிருக்கிறது. இந்தியத் தர்க்க மரபான நியாயம் இன்னும் ஒரு படி மேலே போய், நாக்கு என்ற பொறியே நீர் என்னும் பூதத்தால் ஆனது என்று நிறுவுகிறது. 17ஆம் நூற்றாண்டில் விசுவநாத பஞ்சானனர் எழுதிய ‘நியாய சித்தாந்த முக்தாவளி’ அதற்குத் தரும் எடுத்துக்காட்டு சமையலறையிலிருந்து வந்தது. வறுத்த மாவின் சுவையை வெளிக்கொண்டுவருவது அதில் விடும் தண்ணீர். அதுபோலச் சுவையை வெளிப்படுத்தும் நாக்கும் நீர்த்தன்மை உடையதாக இருக்க வேண்டும். பூதக் கொள்கையை இன்று ஏற்காதவரும் அந்த மாவை மறுக்க முடியாது. உமிழ்நீர் வற்றிய வாயில் இட்லி கரைவதில்லை. அண்ணத்தில் அப்பிக்கொள்கிறது, ஒவ்வொரு விள்ளலுக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் கேட்கிறது.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. பித்தம் மிகுந்தவருக்கு வெல்லம் கசக்கும் என்பது இந்திய அறிவாய்வியலில் பிழையுணர்வுக்கு வழிவழியாகக் காட்டப்படும் உதாரணம். கயிற்றைப் பாம்பென்று காண்பதும் சிப்பியை வெள்ளியென்று காண்பதும் எந்த வரிசையில் வருமோ, கசக்கும் வெல்லமும் அதே வரிசையில் வருகிறது. பக்தி மரபு இதை இன்னும் அழுத்தமாகப் பயன்படுத்தியது. 16ஆம் நூற்றாண்டில் ரூப கோஸ்வாமி இயற்றிய ‘உபதேசாமிர்தம்’ கண்ணனின் நாமத்தைக் கற்கண்டாகவும், அறியாமையைப் பித்தமாகவும், நாமத்தில் ருசி காணாதவரின் நாக்கைப் பித்தம் ஏறிய நாக்காகவும் உருவகிக்கிறது. விடாமல் உண்டுவந்தால் அந்தக் கற்கண்டே பித்தத்தைத் தீர்த்து இனிக்கும் என்கிறது. ஆன்மிகப் பாடம் என்ற அளவில் இது அழகானதுதான். ஆனால் உருவகம் வீட்டுக்குள் இறங்கிவரும்போது கூடவே ஒரு தீர்ப்பும் வந்துவிடுகிறது: பண்டம் நல்லது, நாக்குத்தான் பொய் சொல்கிறது, வற்புறுத்தி ஊட்டினால் சரியாகிவிடும். கீமோ நடக்கும் வீடுகளில் தட்டோடு பின்னாலேயே நிற்பவர்களின் பேச்சில் இந்தத் தீர்ப்பு அப்படியே ஒலிக்கிறது.

இதற்கு மாற்றான விடைகளும் மரபுக்குள்ளேயே இருக்கின்றன. அவையே நோயாளிக்கு நெருக்கமானவை. பிளேட்டோவின் ‘தியேடிட்டஸ்’ உரையாடலில், நலமாக இருக்கும் சாக்ரடீசுக்கு இனிக்கும் மது நோயுற்ற சாக்ரடீசுக்குக் கசக்கிறது. அந்த நூலில் புரோட்டகோரசின் தரப்பாகச் சொல்லப்படும் வாதம் வியப்பளிப்பது. உணவு கசக்கிறது என்று சொல்லும் நோயாளியை அறிவற்றவன் என்று கூறக் கூடாது. அவனுக்கு அது கசக்கவே செய்கிறது. அதே சமயம் அவனை அந்த நிலையிலேயே விட்டுவிடவும் கூடாது. மற்ற நிலை மேலானது என்பதால் மருத்துவன் மருந்தால் அவனை அதற்கு மாற்ற வேண்டும். நோயாளியின் சொல்லை நம்புவதும் அவர் நிலையை மாற்ற முயல்வதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது கடினம். பிற்காலத்து ஐயுறவுவாதியான செக்ஸ்டஸ் எம்பிரிகஸ், காமாலைக்காரருக்குத் தேன் கசப்பதை எடுத்துக்கொண்டு, நலமானவரின் நாக்கை மட்டும் ஏன் அளவுகோலாக வைக்க வேண்டும் என்று கேட்டார்.

வேத விளக்க மரபான மீமாம்சையில் பிரபாகரர் வழியினர் தரும் விளக்கம் இவற்றிலெல்லாம் நுட்பமானது. அவர்கள் கொள்கைப்படி பொய்யான அறிவு என்று ஒன்றே கிடையாது. வெல்லம் கசக்கிறது என்பவரிடம் இருப்பவை இரண்டு அறிவுகள்; இரண்டும் மெய். அவர் உணரும் கசப்பு உண்மையாகவே பித்தத்தின் கசப்பு. கையில் இருப்பது உண்மையாகவே வெல்லம். குறை எங்கே என்றால், இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பிடிபடாததில். இன்றைய மருத்துவம் இதற்கு மிக அருகில் வந்து நிற்கிறது. நரம்பில் ஏற்றும் சில மருந்துகள் ரத்தத்தின் வழியாக வாய்க்கு வந்து சேர்ந்து சுவையாகவே உணரப்படுகின்றன. உலோகச் சுவை என்று நோயாளி சொல்லும்போது நாக்கு கற்பனை செய்யவில்லை. உடலில் நடப்பதை உள்ளபடி அறிவிக்கிறது.

இந்த விளக்கம் வீட்டில் என்ன மாற்றம் செய்யும் என்பதை ஒரு சாப்பாட்டு நேரத்தில் பார்க்கலாம். ‘ஏம்மா, ரசத்துல உப்பே போடலையா?’ என்று அப்பா கேட்கிறார். ‘போட்டிருக்கேன்ப்பா, நான் ருசி பார்த்தேனே’ என்று மகள் சொல்கிறாள். இருவர் சொல்வதும் மெய். ஆனால் தன் சமையலைக் குறை சொல்வதாக மகளும், தன் வேதனையை யாரும் நம்பவில்லை என்று அப்பாவும் எடுத்துக்கொண்டு, சாப்பாடு பாதியில் நின்றுபோகிறது. உப்பு ரசத்தில் இருக்கிறது, அதை அறியும் வழி இந்த வாயில் இப்போது அடைபட்டிருக்கிறது என்ற வேறுபாட்டை இருவரும் பிடித்துக்கொண்டால் பேச வேண்டியது வேறாகிறது: இன்றைக்கு எது தெரிகிறது, எது தெரியவில்லை, எது எரிகிறது?

நோயாளியை இப்படிக் கேட்டறிவதற்குப் பழைய சமயச் சான்று ஒன்று பௌத்தத் துறவியரின் ஒழுங்கு நூலான விநயத்தில் இருக்கிறது. வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடந்த ஒரு பிக்குவைப் புத்தரும் ஆனந்தரும் கழுவிப் படுக்கவைத்த நிகழ்ச்சியை அடுத்து, நோயாளிக்கு இருக்க வேண்டிய குணங்களும் பணிவிடை செய்பவருக்கு இருக்க வேண்டிய குணங்களும் அங்கே வகுக்கப்படுகின்றன. நோய் கூடினால் கூடியது என்றும் குறைந்தால் குறைந்தது என்றும் உள்ளபடி சொல்வது நோயாளியின் கடமைகளில் ஒன்று. சொல்வதைக் கேட்டு நம்ப ஒருவர் இருந்தால்தான் இந்தக் கடமைக்குப் பொருள் உண்டு. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நான்காகப் பகுத்து, உடனிருந்து கவனிப்பவரையும் அதில் ஒரு பகுதியாக வைத்திருப்பதை இதனோடு சேர்த்து எண்ணலாம்.

நாக்கை நம்பத் தொடங்கினால் நிவாரணமும் குறிப்பாகச் செய்ய முடிகிறது. எல்லாச் சுவையும் ஒரே நாளில் திடீரென்று மங்கினால் முதலில் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்த்திட்டு ஒட்டியது போல வெள்ளை படிந்திருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. உமிழ்நீர் குறைந்த வாயில் அது எளிதில் வளரும். மருத்துவர் தரும் மருந்தால் தீரக்கூடியது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் வாய் கொப்பளிக்க, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் ஆப்பசோடாவும் அதில் பாதியளவு உப்பும் கலந்தால் போதும். கெட்டி எச்சிலை அது இளக்கும். வாய்நாற்றத்தையும் பழைய மருந்துச் சுவையையும் கழுவும். கடையில் விற்கும் சாராயம் கலந்த கொப்பளிப்பு நீர் வறட்சியை மோசமாக்கும். தடவும் கிளிசரினும் பிறகு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

உலோகச் சுவை இருப்பவர் எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் விட்டு, வாழையிலைக்கோ பீங்கானுக்கோ மரக்கரண்டிக்கோ மாறலாம். இறைச்சி கசப்பதாகச் சொல்பவருக்கு முட்டை, பருப்பு, பன்னீர், தயிர் ஆகியவற்றிலிருந்து புரதம் கொடுக்கலாம். சுவை மங்கினாலும் மணமும் சூடும் குளிர்ச்சியும் பதமும் எஞ்சியிருக்கும். அதனால் கெட்டித் தயிரில் குழையப் பிசைந்து குளிரவைத்த சோறு, சீரகமும் மல்லித்தழையும் மணக்கும் நீர்த்த ரசம், இளநீர் வழுக்கை போன்றவை இறங்குகின்றன. மணமே குமட்டுகிறவருக்கு இதே உணவை ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். உப்பைத் தனியாகத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டால் அளவை அவரே முடிவு செய்துகொள்வார். உப்புக் கட்டுப்பாடு உள்ளவருக்கு மட்டும் இது ஆகாது. எலுமிச்சை, நெல்லி போன்ற புளிப்பு சுரப்பைத் தூண்டும். ஆனால் வாயில் புண் இருந்தால் எரிக்கும், பல்லையும் அரிக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மை மெல்வது பல்லுக்குப் பாதுகாப்பான தூண்டுதல்.

உமிழ்நீர் பல்லின் காவல் என்பதால், கதிர்வீச்சு தொடங்குவதற்கு முன்பே பல் மருத்துவரைப் பார்ப்பது இன்றியமையாதது. பிறகு பல் பிடுங்க நேர்ந்தால் கதிர்பட்ட தாடை எலும்பு ஆறாமல் போகலாம். சுரப்பியில் உயிர் எஞ்சியிருந்தால் பைலோகார்பின் மாத்திரை உதவும். பிரேசிலின் ஜபோராண்டிச் செடியிலிருந்து எடுக்கப்பட்ட இம்மருந்து 1994இல் அமெரிக்காவில் இந்த வறட்சிக்கு அனுமதி பெற்றது. வியர்வையை அதிகமாக்கும் என்பதும், கட்டுப்படாத ஆஸ்துமாவும் சிலவகைக் கண்ணழுத்த நோயும் உள்ளவருக்கு ஆகாது என்பதும் அதன் குறைகள். துத்தநாக மாத்திரை ருசியை மீட்கும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. கதிர்வீச்சு நோயாளிகளிடம் நடந்து 2007இல் வெளிவந்த பெரிய ஒப்பாய்வில் அதற்குப் பயன் காணப்படவில்லை. எல்லாவற்றையும்விட மேலானது சுரப்பியைக் காப்பாற்றுவதே. பிரிட்டனில் நடந்து 2011இல் வெளிவந்த பார்ஸ்போர்ட் ஆய்வில், பழைய முறையில் கதிர்வீச்சு பெற்றவர்களில் 74 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குப் பின்னும் கணிசமான வறட்சி இருந்தது. காதோரச் சுரப்பியைத் தவிர்த்துக் கதிரின் செறிவை மாற்றியமைக்கும் முறையில் அது 38 சதவீதமாகக் குறைந்தது. சுவை சிகிச்சை முடிந்த சில மாதங்களில் பெரும்பாலோருக்கு ஓரளவு திரும்பிவிடுகிறது. பழுதுபட்ட சுரப்பி அப்படி முழுதாகத் திரும்புவது அரிது.

இங்கே சமயத்தின் பக்கத்திலிருந்து ஒரு மறுப்பு எழலாம். நாவை அடக்கு என்றுதானே எல்லா மரபும் சொல்கிறது? காந்தி 1930இல் எரவாடா சிறையிலிருந்து ஆசிரமத்துக்கு வாரந்தோறும் எழுதிய கடிதங்களில் நாவடக்கத்தை ஒரு விரதமாகவே வைத்தார். உணவை மருந்தைப் போல, ருசி கருதாமல் உண்ணச் சொன்னார். சமணத்தில் ரசத்தியாகம் புறத்தவங்களில் ஒன்று. பால், தயிர், நெய், எண்ணெய், சர்க்கரை, உப்பு ஆகியவற்றில் சிலவற்றையோ எல்லாவற்றையுமோ துறப்பது அது. அப்படியானால் நோய் தானாகவே தந்துவிட்ட இந்தச் சுவையின்மையை ஏன் துயரமாகக் கருத வேண்டும்? நோயாளிக்கு ஆறுதலாக இதைச் சொல்பவர்களும் உண்டு.

இந்த வாதம் நிற்காது. துறவுக்குப் பொருள் தருவது துறப்பவரின் விருப்பம். உப்பைத் துறப்பவர் உப்பின் ருசி தெரிந்தே துறக்கிறார். வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். நோயாளியிடமிருந்து அது பறிக்கப்பட்டது. பறிபோனதைத் தவமென்று பெயரிடுவது தவத்துக்கும் மரியாதையல்ல, நோயாளிக்கும் மரியாதையல்ல. உடல் தேவையின் பக்கமிருந்து பார்த்தாலும் கதை தலைகீழ். காந்தியின் விரதம் ருசிக்காக மிகுதியாக உண்பதைத் தடுக்க ஏற்பட்டது. ருசி போன நோயாளியோ உண்ண வேண்டியதையே உண்ண முடியாமல் எடை இழந்து, சிகிச்சையைப் பாதியில் நிறுத்தும் நிலைக்கு வருகிறார். அவருக்கு ருசி உயிர் பிழைக்கும் வழி. அதற்கும் மேலாக, சேர்ந்து உண்பது, பண்டிகைப் பலகாரம், பிரசாதம், அம்மா கையால் வாங்கும் கவளம் எல்லாமே நாக்கின் வழியாகத்தான் ஒருவரை மற்றவரோடு கட்டுகின்றன. ருசி போனவர் பந்தியில் உட்கார்ந்தும் பந்திக்கு வெளியே இருக்கிறார். இந்தத் தனிமையைக் கணக்கில் எடுக்காத எந்த ஆறுதலும் அரைகுறையானது.

சமய விதிகளுமே நோயாளிக்காக வளைந்து கொடுத்திருக்கின்றன. நண்பகலுக்குப் பின் உண்ணாத பிக்குகளுக்கு நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லப்பாகு என்ற ஐந்தும் நோயில் மருந்தாக அனுமதிக்கப்பட்டன. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு தந்து, பின்னொரு காலத்தில் நிறைவேற்ற வழிவிடுகிறது. இன்றைய மருந்தகத்தில் புதிய கேள்விகளும் எழுகின்றன. செயற்கை உமிழ்நீரில் ஒருவகை பன்றியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் மியூசினால் ஆனது. இன்னொரு வகை தாவர நாரிலிருந்து செய்யும் செல்லுலோஸ் கூழால் ஆனது. முஸ்லிமுக்கும் யூதருக்கும் சைவ உணவினருக்கும் இந்த வேறுபாடு முக்கியமானது. மாற்று கையிலிருக்கும்போது, எதனால் ஆனது என்பதைச் சொல்லாமல் கொடுப்பது முறையாகாது.

கடைசி நாட்களில் வறட்சிதான் பெரும்பாலும் மிஞ்சும் துன்பம். நோயாளி விழுங்குவதை நிறுத்தியதும் ‘தண்ணி கூட இல்லாம சாகவிடுறீங்களா?’ என்று உறவினர் கேட்பார்கள். டிரிப்ஸ் ஏற்றினால் தாகம் தீரும் என்பது இயல்பான எண்ணம். 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஒப்பாய்வில், இறுதிக்கட்டப் புற்றுநோயாளிகளில் நாளுக்கு ஒரு லிட்டர் உப்புநீர் ஏற்றியவர்களுக்கும் 100 மில்லி மட்டும் ஏற்றியவர்களுக்கும் அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதற்கு முன் 1994இல் வெளிவந்த ஆய்வு, இறப்பை நெருங்கிய 32 பேரைக் கவனித்தது. அவர்களில் பலருக்குத் தாகமே இல்லை. இருந்தவர்களுக்குச் சிறு மடக்கு நீரும் பனிக்கட்டித் துண்டும் உதட்டில் தடவும் ஈரமும் போதுமானதாக இருந்தன. அப்போதைய தாகம் பெரிதும் வாயில் இருக்கிறது. அதைத் தீர்க்கும் இடமும் வாய்தான்.

மதங்கள் இதை முன்பே அறிந்திருந்தது போலத் தோன்றுகிறது. யோவான் நற்செய்தியில் சிலுவையில் இயேசு தாகத்தைச் சொன்னதும் கடற்பஞ்சில் புளித்த திராட்சை மதுவைத் தோய்த்து அவர் வாயருகே நீட்டுகிறார்கள். மரணத் தறுவாயில் இருப்பவரின் வாயைத் தண்ணீரால் நனைப்பதை இஸ்லாமியச் சட்ட நூல்கள் சில பரிந்துரைக்கின்றன. இந்துக்கள் கங்கை நீரும் துளசியும் விடுகிறார்கள். தமிழ் வீடுகளில் பிள்ளைகள் பால் ஊற்றுகிறார்கள். இவற்றில் பாலும் நீரும் ஊற்றும் முறையில் மட்டும் கவனம் தேவை. நினைவு மங்கியவரின் வாயில் கரண்டியால் ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்கிப் புரையேறும். சுத்தமான காஸ் துணியை விரலில் சுற்றி நீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, உதட்டையும் ஈறையும் கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கையும் மெதுவாகத் துடைக்க வேண்டும். ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ ஒருமுறை இதைத் திரும்பச் செய்து, உதடு வெடிக்காமல் தேங்காயெண்ணெய் தடவலாம். ஆக்சிஜன் வைத்திருந்தால் எண்ணெயும் வாசலினும் வேண்டாம். தண்ணீரில் கரையும் களிம்பைச் செவிலியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பால் தொட்டுவைக்க விரும்பும் பிள்ளைகளும் பேரர்களும் அதே துணியின் நுனியைப் பாலில் தோய்த்து உதட்டில் ஒற்றலாம். பால் வாயில் தங்கினால் படியும். அதனால் எல்லோரும் வைத்து முடித்தபின் வெறும் தண்ணீரால் ஒருமுறை துடைத்துவிட வேண்டும்.